ஒரு தோலுக்கு எவ்வளவு ஆகும்?

எம்.எஸ்சி. இறுதியாண்டில் நான் செய்த ஆய்வைப் பற்றி அப்பாவிடம் விளக்கிக்கொண்டிருந்த இரவு இன்றும் நினைவிருக்கிறது. பேரணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலையில், தோலிலிருந்து மயிரை நீக்கும் சுண்ணாம்புப் பிரிவில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்கிறவர் அவர். எங்கள் ஊர் மண்ணிலிருந்துதான் நான் ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்திருந்தேன். பால் கலந்த அகார் தட்டில் அது வளர்ந்த இடத்தைச் சுற்றி வெண்மை நீங்கித் தெளிந்த வளையம் ஒன்று தோன்றியது. பாலின் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியேஸ் நொதி சுரக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அந்த நொதியைக் கொண்டு உள்ளங்கையளவு ஆட்டுத்தோல் துண்டொன்றிலிருந்து மயிரையும் நீக்கியிருந்தேன். கைப்பேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்த அப்பா, மயிர் உதிர்ந்த துண்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்கு பாப்பா. ஒரு தோலுக்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. அந்த விடையை எங்கிருந்து கணக்கிடத் தொடங்குவது என்பதுகூடத் தெரியவில்லை. ஐந்தாண்டுகள் உயிரித் தொழில்நுட்பம் படித்த ஒருத்திக்கு, அந்தப் பெயரில் உள்ள 'தொழில்' என்ற சொல்லைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது. எம்.டெக். படிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கேள்வியில்தான் பிறந்தது.

எங்கள் வீட்டில் இதை ஏற்க வைப்பது எளிதாக இல்லை. வேலூர்ப் பக்கத்தில் உயிரித் தொழில்நுட்பம் என்று சொன்னவுடன் உறவினர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சி.எம்.சி.யில வேலை கிடைக்குமா?" என்பதுதான். அதில் தவறொன்றும் இல்லை. 1986-இல் சென்னையிலிருந்து கொண்டுவரப்பட்ட குருதி மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆய்வகத்தில்தான். ரோட்டாவைரஸ் தடுப்பூசியான ரோட்டாவேக்கின் மூன்றாம் கட்டச் சோதனை நடந்த மூன்று ஊர்களில் டெல்லிக்கும் புனேக்கும் அடுத்தது வேலூர். குருதி சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐவருக்கு அவர்களுடைய குருதிக் குருத்தணுக்களிலேயே மரபணுவை ஏற்றிச் செலுத்திய சிகிச்சையின் முடிவுகள் 2024-இல் வெளிவந்தபோது, பாகாயத்திலுள்ள குருத்தணு ஆய்வு மையத்தின் பெயரை நாங்கள் அனைவருமே பெருமையோடு பகிர்ந்துகொண்டோம். ஆனால் என் கேள்வி மருத்துவமனையில் இல்லை. சுண்ணாம்புக் குழியில் இருந்தது. "எம்.எஸ்சி.யும் மேற்படிப்புதானே, இன்னொரு மேற்படிப்பு எதற்கு?" என்று சித்தப்பா கேட்டதற்கு, "அதில் ஏன் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள் சித்தப்பா, இதில் எவ்வளவு என்று கேட்கக் கற்றுக்கொடுப்பார்கள்" என்று சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை; அப்பாவுக்குப் புரிந்தது.

இந்தப் படிப்பை நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சேர்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உயிரித் தொழில்நுட்பத்தில் எம்.டெக். சேர பி.டெக். கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். உயிரியல் துறைகளில் எம்.எஸ்சி. முடித்தவர்களையும் பல கல்லூரிகள் சேர்த்துக்கொள்கின்றன. எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் தேர்வில் இத்துறைக்கு பி.டி. என்ற தாள் உண்டு. மூன்று மணி நேரம், 65 வினாக்கள், 100 மதிப்பெண். பெற்ற மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அதில் தேறி அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) ஏற்பு பெற்ற கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறைக்காக நடத்தப்படும் கேட்-பி என்பது வேறொரு தேர்வு. பெயர் ஒற்றுமையால் இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பத் தேதியைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன். கேட்-பி தேர்வில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களிலிருந்து 60 வினாக்களும், பட்டப்படிப்பு நிலையில் கொடுக்கப்படும் 100 வினாக்களில் நாம் தேர்ந்தெடுக்கும் 60-உம் சேர்ந்து மொத்தம் 240 மதிப்பெண். அண்ணா பல்கலைக்கழக எம்.டெக். சேர்க்கைக்கு டான்செட் நுழைவுத் தேர்வு இருந்த இடத்தில் 2023 முதல் சீட்டா-பி.ஜி. வந்திருக்கிறது. உதவித்தொகை கிடைக்காத பட்சத்தில் இந்தப் படிப்பைக் கடன் வாங்கிப் படிக்கலாமா என்று என்னைக் கேட்டால், நுண்ணுயிர்களைப் பெருமளவில் வளர்க்கும் கருவியான நொதிக்கலன் அந்தக் கல்லூரியில் ஓடுகிறதா அல்லது துணி போர்த்தி நிற்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றுதான் சொல்வேன்.

முதல் பருவம் எனக்குக் கசந்தது. பன்னிரண்டாம் வகுப்போடு கணக்கை விட்டு வந்தவள் நான். வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பி.டெக். முடித்து வந்தவர்கள் பேச்சுவாக்கில் கடந்துபோனபோது, நான் குடியாத்தம் பேருந்தில் பழைய பாடநூலை மடியில் விரித்துக்கொண்டு தொகையீடு பழகிக்கொண்டிருந்தேன். ஆனால் பொருள்சமநிலை என்ற பாடம் தொடங்கியபோது எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. கலனுக்குள் சென்றது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, உள்ளே தங்கியது எவ்வளவு என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். மளிகைக் கடைக் கணக்கைப் போல அம்மா எழுதி வைக்கும் வீட்டுச் செலவு நோட்டிலும் இதே மூன்று கேள்விகள்தாம் இருக்கின்றன. அப்படி நினைத்துக்கொண்ட பிறகு அச்சம் பாதியாகக் குறைந்தது.

இரண்டாம் ஆண்டு ஆய்வுக்குப் பழைய பாக்டீரியாவையே எடுத்துக்கொண்டேன். ஏன் மயிர் நீக்குதலையே பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று வழிகாட்டிப் பேராசிரியர் கேட்டார். வடாற்காட்டில் பிறந்த எவருக்கும் அந்தக் காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. எங்கள் பக்கத்தில் ஆட்டுத்தோலின் தசைப்பக்கத்தில் சுண்ணாம்பையும் சோடியம் சல்பைடையும் குழைத்துப் பூசி, அடுக்கி வைத்து, மயிரின் வேர் தளர்ந்ததும் வழித்தெடுப்பார்கள். பெரிய தோல்களை அந்தக் கரைசலிலேயே ஊறப்போட்டு மயிரைக் கூழாகக் கரைத்துவிடுவதும் உண்டு. அந்தக் கழிவுநீர் அமிலக் கழிவோடு கலந்தால் எழும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கொல்லும் நச்சு. கையுறை போட்டும் அப்பாவின் விரலிடுக்குகளில் ஆறாமல் நின்ற புண்களைப் பார்த்தே நான் வளர்ந்தேன். பாலாற்றுக் கரை நிலங்களின் கதை நீதிமன்றம் வரை சென்றது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டதைப் பதிவு செய்கிறது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியைச் சட்டக் கல்லூரிகளில் இந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறார்கள். நொதி என்பது தோல் தொழிலுக்குப் புதிதும் அன்று. சுண்ணாம்பு நீக்கிய தோலை மென்மையாக்க ஒரு காலத்தில் நாய், பறவை ஆகியவற்றின் எச்சத்தைப் பயன்படுத்தி வந்தார்கள். அதற்கு மாற்றாகக் கணைய நொதியை 1907-இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் கொண்டுவந்தார். அப்பா இன்றும் 'பேட்டிங்' என்று சொல்லும் வேலை அதுதான். அங்கே நிலைபெற்றுவிட்ட நொதியைச் சுண்ணாம்பும் சல்பைடும் ஆளும் முந்தைய கட்டத்துக்கும் கொண்டுவர முடியுமா என்பதே என் ஆய்வு.

குடுவையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. 250 மில்லி குடுவையில் பாக்டீரியாவுக்கு உணவாகும் வளர்ப்பு ஊடகம் 50 மில்லி ஊற்றி, குடுவைகளைக் குலுக்கும் ஷேக்கரில் வைத்தால், மூன்றாம் நாள் எதிர்பார்த்த அளவு நொதி கிடைத்தது. (பாடநூல்கள் 'அறை வெப்பநிலை' என்று எழுதுவது 25 டிகிரி. வேலூரின் மே மாத அறையில் அந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லை. குளிரூட்டும் வசதியற்ற எங்கள் ஷேக்கர் 30 டிகிரியில் நிற்க மறுத்து 37-இலேயே ஓடியது. என் பாக்டீரியாவுக்கு அது பிடித்திருந்தது என்பது என் நல்லூழ்.) அதே ஊடகத்தை ஐந்து லிட்டர் நொதிக்கலனில் மூன்று லிட்டராக நிரப்பி ஓட்டியபோதுதான் நான் படிக்க வந்த படிப்பு உண்மையில் தொடங்கியது.

முதல் ஓட்டத்தில் ஆக்சிஜன் தீர்ந்துபோனது. முப்பது டிகிரி நீரில் ஒரு லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்து நிற்கும். பெருகிக்கொண்டிருக்கும் பாக்டீரியாக் கூட்டம் அதைச் சில நிமிடங்களில் உறிஞ்சிவிடும். ஆகவே ஆக்சிஜனை ஓயாமல் கரைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கரையும் வேகத்தைக் குறிக்கும் கே.எல்.ஏ. என்ற எண்ணை வகுப்பில் நான் மனப்பாடம் செய்திருந்தேனே தவிர, அதன் பொருளைத் திரையில் ஆக்சிஜன் கோடு சரிந்து சுழியத்தைத் தொட்ட அன்றுதான் கண்ணால் கண்டேன். இரண்டாம் ஓட்டத்தில் கலக்கும் வேகத்தையும் காற்றையும் கூட்டினேன். ஊடகத்தில் இருந்த சோயா மாவின் புரதம் நுரைத்துப் பொங்கி, காற்று வெளியேறும் வடிகட்டியை நனைத்து, அதன் வழியே வேறு நுண்ணுயிர் உள்ளே புகுந்துவிட்டது. திறந்தபோது வந்த புளித்த நாற்றமே சொல்லிவிட்டது. நுரையடக்கும் எண்ணெயைச் சேர்த்தால் நுரை அடங்கும், ஆனால் ஆக்சிஜன் கரைவதும் குறையும். மூன்றாம் ஓட்டம் நள்ளிரவில் மின்சாரம் போனதால் வீணானது. இவற்றில் எந்த இடறலும் எம்.எஸ்சி. ஆய்வகத்தில் எனக்கு நேர்ந்ததில்லை. அங்கே நேராததற்குக் காரணம் என் திறமை அன்று. ஐம்பது மில்லியில் இவை நேர்வதற்கு இடமே இல்லை.

நான்காவது ஓட்டம் கைகொடுத்தது. கிடைத்த கரைசலை மையச்சுழற்சியில் தெளியவைத்து, அம்மோனியம் சல்பேட்டால் வீழ்படியச் செய்து, உப்பு நீக்கி, நொதியைத் தூய்மைப்படுத்தினேன். பிறகு, நான் இரண்டாண்டுகளாகக் காத்திருந்த கணக்கை எழுதத் தொடங்கினேன்: சோயா மாவு, மின்சாரம், குளிர்நீர், அம்மோனியம் சல்பேட், ஆள் நேரம், ஒவ்வொரு படியிலும் இழந்த நொதி. மொத்தச் செலவைக் கடைசியில் கிடைத்த நொதியின் அளவால் வகுத்து, ஓர் ஆட்டுத்தோலுக்குத் தேவைப்படும் நொதியின் அளவால் பெருக்கியபோது வந்த தொகை, அப்பா சொன்ன சுண்ணாம்பு, சல்பைடு செலவைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குச் சென்றபோது நோட்டை அப்பாவிடம் நீட்டினேன். எட்டாம் வகுப்போடு நின்றவர் என்றாலும் தொழிற்சாலையில் மருந்து எடை போட்டுப் பழகியவர். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, இது என்ன, இது எதற்கு என்று கேட்டுக்கொண்டே வந்தார். செலவின் பெரும்பகுதியை விழுங்கியிருந்த தூய்மைப்படுத்தும் வரிகளுக்கு வந்ததும் விரல் நின்றது.

"இதை எதுக்குப் பண்ணற?"

"நொதியோட கலந்திருக்கிற மத்ததையெல்லாம் எடுக்கறதுக்குப்பா. சுத்தம் பண்ணாம எப்படி?"

"உப்பும் ரத்தமும் சாணியுமா வர தோல் மேல பூசறதுக்கு, இவ்வளவு சுத்தம் எதுக்கு பாப்பா?"

தொழிலில் பயன்படும் நொதிகள் பெரும்பாலும் தூய்மைப்படுத்தப்படாமல், செறிவாக்கிய நிலையிலேயே விற்கப்படுகின்றன என்று என் பாடநூலிலேயே எழுதியிருக்கிறது. தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். ஆயினும் ஆய்வகத்தில் கை தானாகவே அம்மோனியம் சல்பேட் புட்டியைத் தேடிப் போயிருந்தது. கட்டுரைக்குத் தூய நொதி வேண்டும் என்ற எம்.எஸ்சி. காலத்துப் பழக்கம் அது. அந்த வரிகளை அடித்துவிட்டு அங்கேயே மறுபடி கூட்டினேன். தொகை பாதிக்கும் கீழே இறங்கியது. சுண்ணாம்பை விட இன்னும் கூடுதல்தான், ஆனால் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவில் மிச்சமாவதையும் சேர்த்தால் பேசத்தக்க தொகை.

தூய்மைப்படுத்தாத கரைசலில் தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தைத் தின்னும் நொதி கலந்திருந்தால் மேற்பரப்பு கெட்டுவிடும் என்ற ஐயம் மட்டும் மீதமிருக்கிறது. கொலாஜன் சிதைந்தால் கரைசலில் அதன் கூறான ஹைட்ராக்சிபுரோலின் என்ற அமினோ அமிலம் கூடும். அதை அளக்கும் சோதனையைத் திங்கட்கிழமை தொடங்குகிறேன். அப்பாவுக்கு அந்த எண்ணில் நம்பிக்கையில்லை. துண்டாகக் கொண்டுவராமல் முழுத்தோலாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். கழுத்துப் பக்கமும் அடிவயிற்றுப் பக்கமும் தடவிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாராம்.