மருத்துவரிடம் சொல்லாமல் கொடுத்த பூச்சி மாத்திரை

கோத்தகிரியில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது அப்பாவின் இடது கை பிடிப்பிழந்து, இலை கூடையில் விழாமல் தரையில் சிந்தத் தொடங்கிய பிறகே ஸ்கேன் எடுத்தோம். கோவையில் அறுவை முடிந்ததும் வந்த திசு அறிக்கை கிளியோபிளாஸ்டோமா, அதாவது வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி, என்றது. 6 வாரக் கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடு என்ற கீமோ மருந்தைச் சேர்ப்பதே 2005 முதல் வழக்கம் என்றும், அதை நிறுவிய ஆய்வில் நோயாளிகளில் பாதிப் பேராவது உயிருடன் இருந்த காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகத்தான் உயர்ந்தது என்றும் மருத்துவர் மறைக்காமல் சொன்னார்.

அந்த இரண்டரை மாதம்தான் என்னைத் தேட வைத்தது. ஜெர்மனியின் உல்ம் நகரில், கட்டி திரும்பிய 10 பேருக்கு, குறைந்த அளவு டெமோசோலோமைடுடன் பூஞ்சைக்கான இட்ராகோனசோல், குடியை நிறுத்தத் தரும் டைசல்ஃபிராம், ரத்த அழுத்தத்துக்கான கேப்டோபிரில் உள்ளிட்ட ஒன்பது பழைய மருந்துகளைக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒரு வழியை அடைத்தால் கட்டி மறுவழியில் வளரும் என்பதால், பல வழிகளை ஒருசேர அடைப்பதே அதன் நோக்கம். ஆனால் அது பாதுகாப்பைச் சோதித்த முதற்கட்ட ஆய்வு என்பதை அவசரத்தில் நான் பொருட்படுத்தவில்லை.

கதிர்வீச்சு முடிந்து வீடு திரும்பியதும், அதே தேடலில் கண்ட, அந்த ஒன்பதில் இல்லாவிட்டாலும் மெடிக்கலில் எளிதாகக் கிடைத்த மெபென்டசோலை, அதாவது பூச்சி மாத்திரையை, யாரிடமும் கேட்காமல் 9 நாள் கொடுத்தேன். அடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் ஏறியிருந்தன. புதிதாக என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.

அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கூசியது. மும்பை டாடா மெமோரியலில் கட்டி திரும்பிய 88 பேரிடம் கீமோவுடன் மெபென்டசோலைச் சேர்த்துச் சோதித்ததையும், 9 மாதத்தில் 55 விழுக்காட்டினராவது உயிருடன் இருக்க வேண்டும் என்ற இலக்கு எட்டப்படாததையும் விளக்கினார். பிறகு அப்பா விழுங்கும் அனைத்தையும், நான் கொடுக்க நினைத்தவற்றையும் ஒரே தாளில் எழுதச் சொன்னார். இட்ராகோனசோலை அடித்தார்: அப்பா ஏற்கெனவே எடுக்கும் கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டினையும் மூளை வீக்கத்துக்கான டெக்ஸாமெதசோனையும் உடல் கழிப்பதை அது தடுத்து, இரண்டின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். டைசல்ஃபிராமையும் அடித்தார்: நார்வே, ஸ்வீடன் ஆய்வில் பலனின்றிப் பக்கவிளைவே மிகுந்திருந்தது. அடோர்வாஸ்டாட்டின் தொடரும், ஆனால் இதயத்துக்காக மட்டும்.

இரண்டு வாரத்தில் நொதிகள் இறங்கின. அந்தத் தாள் இப்போது சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறது. சென்ற வாரம் சளிக்கு வாங்கிய இருமல் சிரப்பைக்கூட அதில் எழுதி, கோவைக்குப் போன் செய்த பிறகே மூடியைத் திறந்தேன்.