காய்ச்சல் போன பிறகும் அண்ணாவுக்கு வேண்டியிருந்த நேரம்

திருகோணமலையில் எங்கள் சிறிய பலசரக்குக் கடையின் கணக்கெல்லாம் அண்ணாவின் தலைக்குள்தான் இருந்தது. மூன்று பேருக்கு ஒரே வேளையில் விலை சொல்லி, மிச்சக் காசையும் எண்ணிக் கொடுப்பார். நியூமோகொக்கஸ் என்னும் பற்றீரியாவால் மூளையுறை அழற்சி கண்டு (ஊரில் எல்லாவற்றையும் மூளைக்காய்ச்சல் என்றே சொல்லிவிடுகிறோம்), முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்து, இரண்டு வாரம் நாளத்தில் மருந்தேற்றி, அவரை உயிரோடு வீட்டுக்கு அனுப்பியபோது நோய் முடிந்துவிட்டதென்றே நம்பி, கோணேசர் கோயிலில் நேர்த்தியையும் நிறைவேற்றினோம்.

சில மாதங்களில், கடையில் இருவர் ஒன்றாகக் கேட்டாலே அவர் திகைத்து நிற்பதைக் கண்டோம். பின்னேரமானால் பேசவும் இயலாத அளவுக்குக் களைத்துவிடுவார். சோம்பல் என்றார்கள், நானும் ஒரு நாள் கடிந்துகொண்டேன், அது இன்றும் என்னை வருத்துகிறது. "கணக்கு எனக்குத் தெரியும் தங்கச்சி, ஆறுதலாச் செய்ய விடுறாங்கள் இல்லை" என்றார்.

அவர் சொன்னதுதான் மருத்துவமும் சொல்கிறது. இந்நோயிலிருந்து தப்பிய பெரியவர்களிடம் அறிவு குன்றுவதைவிடச் சிந்தனையின் வேகம் குறைவதே அதிகம் காணப்படுகிறது. கிருமியும் அதை எதிர்த்து எழும் அழற்சியும் மூளையின் உறையோடு நின்றுவிடுவதில்லை. குருதிக்குழாய்கள் அடைபடலாம், நினைவைப் பதியவைக்கும் பகுதியின் நரம்புக் கலங்களும் அழியலாம். பற்றீரியாவால் வரும் இந்நோயில் பிழைத்தவர்களுள் ஏறத்தாழ 5 பேரில் ஒருவருக்கு நீண்டகாலப் பாதிப்பு எஞ்சுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

செவிப்புலன் குறைவதும் இதில் அடக்கம். அண்ணா மறந்துவிட்டார் என்று நாங்கள் எண்ணியவற்றில் சில, உண்மையில் அவருக்குக் கேட்காதவையே. ஆகவே வீட்டுக்கு அனுப்பும் முன்னரே காதைப் பரிசோதிக்கும்படி கேளுங்கள். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

மனச்சோர்வு அதன்பின் வந்தது. தன்னால் முன்போல் இயலவில்லை என்பதை அவர்தான் எல்லோருக்கும் முன்பே அறிந்திருந்தார். 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு அழைத்தபின், உளநலக் கிளினிக்குக்கும் அழைத்துச் சென்றோம்.

இப்போது வாடிக்கையாளர்கள் வேண்டியதைத் துண்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கூட்டுகிறார். பகல் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டுப் படுக்கிறார். அந்த நேரத்தில் நான் அவரை அழைப்பதில்லை.