சந்தைத் தெருவில் 71

2025 ஒக்டோபர் 3, வெள்ளி

தம்பியின் கேம் கணினிக்குப் புது கிராபிக்ஸ் கார்ட், ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி, இன்னும் வரவில்லை. வருமுன்னர் ப்ரொசெசரின் எல்லையை அளந்துவிட வேண்டும். பழைய கார்டான ஆர்எக்ஸ் 580ஐக் கழற்றாமலே செய்யக்கூடிய வேலை. கேமின் ரெசலூஷனை 720க்கு இறக்கு, டெக்ஸ்சர், நிழல் எல்லாம் லோ. சனக்கூட்ட அளவை மட்டும் தொடாதே, அது ப்ரொசெசரின் தலையில் விழுகிற வேலை. கார்டின் பயன்பாடு 90%க்குக் கீழே நின்றால், திரையில் தெரிகிற எஃப்பிஎஸ், செக்கனுக்கு எத்தனை படம் என்ற கணக்கு, ப்ரொசெசருடையது.

கேமுக்குள் வருகிற சந்தைத் தெருவில் 58 எஃப்பிஎஸ். என்ன கார்ட் போட்டாலும் அந்தத் தெருவில் 58தான். ப்ரொசெசர் ரைசன் 5 3600, அதற்கு இது குறைவு. எங்கேயோ பிழை.

ஒக்டோபர் 4, சனி

பிழை றாமில். 3200 வேகம் என்று ஒட்டிய இரண்டு குச்சிகளும் பக்கத்துப் பக்கத்து ஸ்லொட்டில், 2133இல் ஓடிக்கொண்டிருக்கின்றன. பொருத்திக் கொடுத்தவர் எக்ஸ்எம்பியை, றாமை ஒட்டிய வேகத்தில் ஓடவிடும் செட்டிங்கை, தொடவே இல்லை. ப்ரொசெசர் பக்கமிருந்து எண்ணி 2ஆம், 4ஆம் ஸ்லொட்டுக்கு மாற்றியாயிற்று. தங்கப் பற்களில் மங்கல் படலம். கடற்காற்று படுகிற வீடு, அப்படித்தான் இருக்கும். வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டியது. எக்ஸ்எம்பி ஓன்.

சந்தைத் தெரு: 71.

ஒரு சதமும் செலவில்லை. இதைப் பார்க்காமல் கார்ட் வாங்க ஓடுகிறார்கள்.

ஒக்டோபர் 6, திங்கள்

போயா, பௌர்ணமி விடுமுறை. கார்ட் வராது.

ஒக்டோபர் 7, செவ்வாய்

ஏன் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி என்று தம்பி திரும்பத் திரும்பக் கேட்கிறான். மதர்போர்ட் பி450, கார்டுக்குப் போகிற பாதை பிசிஐஇ 3.0. போட்டிக் கார்டான ஆர்டிஎக்ஸ் 5060 டிஐக்கு அந்தப் பாதையில் 8 லேன்தான், 3.0இல் அது செக்கனுக்கு ஏறக்குறைய 8 ஜிபி. 9060 எக்ஸ்டிக்கு 16 லேன், இரட்டிப்பு. கார்டின் மெமரி நிரம்பி வழியும்போதுதான் இந்த வித்தியாசம் கடிக்கும். ஆகவே பழைய போர்டில் 8 ஜிபி மெமரி, 8 லேன் கார்ட்தான் ஆக மோசமான சோடி. 16 ஜிபியே எடுக்கச் சொன்னேன்.

பவர் சப்ளை மாற்றத் தேவையில்லை. 580க்கு 185 வாட், இதற்கு 160.

ஒக்டோபர் 8, புதன்

ரீபார், அதாவது ப்ரொசெசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே தரத்தில் எட்டும் வசதி, வேண்டுமென்றால் பயோஸில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் முறை ஓஃப், அபவ் 4ஜி டீகோடிங் ஓன். ஆனால் வின்டோஸ் இருக்கிற டிஸ்க் பிரிக்கப்பட்டிருப்பது எம்பிஆர் என்ற பழைய முறையில். அப்படியே சிஎஸ்எம்மை அணைத்தால் வின்டோஸ் எழும்பாது, பயோஸிலேயே போய் நிற்கும். முதலில் எம்பிஆர்2ஜிபிடி. டிஸ்க்கைப் புது முறையான ஜிபிடிக்கு மாற்ற வின்டோஸுக்குள்ளேயே இருக்கிற கருவி. அட்மினாகக் கொமாண்ட் திறந்து முதலில் வெலிடேட், பிறகுதான் கொன்வேர்ட்.

வெலிடேட் பெயில்.

காரணம் டி டிரைவ். இங்கே எல்லாக் கடையும் ஒரே டிஸ்க்கை சி, டி என்று பிரித்துத்தான் கொடுக்கும். அந்த டி ஒரு எக்ஸ்டெண்டெட் பார்ட்டிஷனுக்குள் லொஜிக்கலாக உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கருவிக்கு எக்ஸ்டெண்டெட் இருக்கவே கூடாது. பிரைமரியும் மூன்றுக்கு மேல் ஆகாது. டியில் உள்ளதை வெளி டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணி, லொஜிக்கலை அழித்து, மிஞ்சிய பச்சைக் கட்டத்தையும் அழித்து, மறுபடி வெலிடேட். சரி. கொன்வேர்ட் சில நிமிடம். கொப்பிக்குத்தான் இரவு முழுக்கப் போனது, கலியாண வீடியோக்கள்.

ஒக்டோபர் 10, வெள்ளி

பின்னேரம் இடி. பிளக்கைக் கழற்றியது. லான் வயரையும், எல்லோரும் அதைத்தான் மறப்பார்கள்.

ஒக்டோபர் 11, சனி

வந்துவிட்டது.

லானைக் கழற்றி, சேஃப் மோடில் டிடியூ ஓட்டி, பழைய டிரைவரைத் துடைத்து, பிறகு மாற்றினது. லான் இருந்தால் வின்டோஸ் முந்திக்கொண்டு தன் டிரைவரைப் போட்டுவிடும். 3600க்குள் கிராபிக்ஸ் இல்லை, ஆகவே எச்டிஎம்ஐ வயர் கார்டில்தான்.

1080, ஹை. சந்தைத் தெரு 72. கார்ட் பயன்பாடு 58%.

"அண்ணா, கார்ட் பழுதோ?"

இல்லையடா. 71 என்று அன்றைக்கே சொன்னேன்.

ஒக்டோபர் 12, ஞாயிறு

சும்மா இருக்கிற 42%ஐ வேலை வாங்க வேண்டும். விஎஸ்ஆர், பெரிய ரெசலூஷனில் வரைந்து மொனிற்றருக்குச் சுருக்கிக் காட்டும் வசதி, ஓன் பண்ணி 1440இல் ஓட்டினால் அதே 71, பயன்பாடு 89%. எஃப்பிஎஸ் ஏறவில்லை, ஆனால் தூரத்துப் பெயர்ப்பலகை எழுத்து வாசிக்கக்கூடியதாக வந்துவிட்டது. ஒளிக்கதிரைக் கணக்கிட்டு வரைகிற ரே ட்ரேசிங் போட்டால் 60க்குக் கீழே. கார்டில் இடமிருந்தும் விழுகிறது, ஏனென்றால் அது ப்ரொசெசரிடமும் வேலை வாங்கும். ஓஃப். சனக்கூட்டம் ஹையிலிருந்து மீடியம்: 83.

சந்தையில் ஆளைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வின்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட்டின் வழக்கமான ஆதரவு இன்றோடு சரி. 3600க்கு 11 ஏறும். ஜிபிடி ஏற்கெனவே ஆயிற்று, எஃப்டிபிஎம், ப்ரொசெசருக்குள் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி, மட்டும் ஓன்.

ஒக்டோபர் 15, புதன்

கரண்ட் போனது, யூபிஎஸ் ஒரு தரம் கத்திவிட்டு எல்லாவற்றையும் கைவிட்டது. 650 என்று ஒட்டியிருப்பது விஏ, வாட் அல்ல. வாட்டில் பெரும்பாலும் 360, 390. கார்டுக்கு 160, ப்ரொசெசருக்கு 88 வரை, மொனிற்றர், மிச்சம். புது யூபிஎஸ்ஸில் கணக்கே சரியாக இருந்திருக்கும். இதன் பற்றரி எத்தனை வருஷப் பழசு என்று யாருக்கும் நினைவில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி

71, 71. அதே போர்டில் ப்ரொசெசரை மாற்றி ரைசன் 5600 போடலாம், அல்லது பாவித்த 5700எக்ஸ்3டி. 3600இன் 32 எம்பி கேஷ், சிப்புக்குள்ளேயே இருக்கிற வேக மெமரி, இரண்டு 16ஆகப் பிரிந்தது, 5600இல் ஒரே 32, எக்ஸ்3டியில் 96. சந்தைத் தெருவுக்கு வேண்டியது அதுதான். பாவித்தது என்றால் கொழும்பில் கணினிக் கடைகள் இருக்கிற யூனிட்டி பிளாசாவில் நின்றே போன் கமெராவைப் பெரிதாக்கி சிப்பின் 1331 பின்னும் நேரா என்று பார்க்க வேண்டும்.

ஒக்டோபர் 18, சனி

சிப் மாற்றும்போது கூலரை நேரே மேலே இழுக்கவே கூடாது. பேஸ்ட் காய்ந்திருந்தால் சொக்கெட் பூட்டியிருந்தும் சிப் கூலரோடு பிய்ந்து வரும், பின் வளையும். பத்து நிமிடம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைக் கழற்றி, கூலரை இடம் வலமாகத் திருகி, வழுக்கத் தொடங்கிய பிறகு தூக்கு.

ஒக்டோபர் 19, ஞாயிறு

பயோஸ் ஃபைல் பென்டிரைவில், ஃபாட்32. முதலில் பயோஸ் அப்டேட், பழைய சிப் இருக்கும்போதே. டிஸ்க்கைப் பூட்டுகிற பிட்லொக்கரின் கீயைத் தாளில் எழுதியாயிற்று, சிப் மாறினால் எஃப்டிபிஎம் மறந்துவிடும். வானம் கறுக்கிறது. இந்த யூபிஎஸ்ஸை நம்பி பயோஸ் ஏற்றுவதா? காலையில்.