டிக்கியில் கருகிய காயில்

காயில் கருகும் வாசனை எனக்குச் சோறு போடுகிற வாசனை. இருபத்திரண்டு வருடமாகக் குன்னூரில் மோட்டார் வைண்டிங் செய்கிறேன். தேயிலை ஃபேக்டரி மோட்டார், வீட்டுத் தண்ணீர் மோட்டார், மிக்சி என்று எது கருகினாலும் மூக்கே சொல்லிவிடும். போன மார்கழியில் அதே வார்னிஷ் வாசனை என் சொந்தக் காரின் டிக்கியிலிருந்து வந்தது. எங்கள் ஊர் பெட்ஃபோர்டில் ஓரங்கட்டித் திறந்து பார்த்தேன். சப்வூஃபர், அதாவது கனத்த சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர், போயே போச்சு. வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

வண்டி பழைய ஸ்விஃப்ட். கோயம்புத்தூரில் ஒரு கடையில் பன்னிரண்டு இஞ்ச் சப்வூஃபரும் அதை ஓட்டுகிற மோனோ ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். அட்டைப்பெட்டியில் 1,400 வாட் என்று கொட்டை எழுத்து. அடியில் எறும்பு மாதிரி ஆர்.எம்.எஸ். 250 என்று இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன். விடாமல் ஓடும்போது தாங்குகிற அந்த 250தான் நிஜம்.

வீட்டு வாசலில் நிறுத்தி ஒரு படுகப் பாட்டைப் போட்டேன். தாளம் நெஞ்சில் இறங்க வேண்டிய இடத்தில், பக்கத்து வீட்டில் யாரோ மெத்தை தட்டுவது போல ஒரு சத்தம். என் மனைவி எட்டிப் பார்த்து, “இதுக்கா அவ்வளவு பணம்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ரோஷம் வந்து ஆம்பில் கெயினைத் திருகினேன். போதவில்லை. பேஸை, அதாவது கனத்த சத்தத்தை, ஏற்றுகிற பேஸ் பூஸ்ட் குமிழையும் கடைசிவரை திருகினேன்.

அது முட்டாள்தனம். அந்தக் குமிழைக் கடைசிவரை திருகினால் 12 டெசிபல் பூஸ்ட், அதாவது அந்தக் கனத்த சத்தத்துக்கு ஆம்ப் ஏறக்குறைய 16 மடங்கு பவர் தர வேண்டும். இல்லாததை எங்கிருந்து தரும்? அலையின் தலையை வெட்டித்தான் அனுப்பும், அது காயிலில் சூடாக இறங்கும். கெயின் என்பது வால்யூம் இல்லை. ஸ்டீரியோ அனுப்புகிற வோல்டேஜுக்கும் ஆம்புக்கும் பொருத்தம் பார்க்கிற இடம், அவ்வளவுதான்.

என் அக்கா மகன் ஊட்டியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறான். அவனிடம் சொன்னதும், “மாமா, ஆம்ப் பத்தலை. டபுளா போட்டுடலாம்” என்றான். பவரை இரண்டு மடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய 10 டெசிபல் வேண்டும், அதாவது 10 மடங்கு பவர். அதற்கு காருக்குக் கரண்ட் தருகிற ஆல்டர்னேட்டரிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பேச்சை அதோடு விட்டேன்.

கருகியதைக் கழற்றிக் கடை மேசையில் போட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. இந்த வகை சப்வூஃபரில் இரண்டு காயில், ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் பேரலலாகச் சேர்த்தால் 2 ஓம். சேர்த்துத்தான் இருந்தார்கள், ஆனால் ஒரு காயிலைத் தலைகீழாக. ஒன்று கோனை (ஸ்பீக்கரின் முன்னால் அதிர்கிற கூம்பை) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கிறது. கோன் பேருக்குத்தான் அசைந்தது, கரண்ட் மட்டும் ஓடியிருக்கிறது. மோட்டாரில் ஒரு செட் காயிலைத் திருப்பிக் கொடுத்தால் உறுமிக்கொண்டே நின்று கருகுமே, அதே கதை. கடைப் பையன்கள் அப்படிக் கொடுத்துவிட்டால் நான் திட்டாத திட்டு இல்லை. ஊரார் மோட்டாருக்கெல்லாம் மீட்டர் வைக்கிறவன் என் காருக்கு வைக்கவில்லை.

அதே மாடலில் புதியது வாங்கினேன். இந்த முறை நானே வயர் கொடுத்தேன். ஒரு சாதாரண ஒன்றரை வோல்ட் பேட்டரி போதும். பேட்டரியின் பிளஸ்ஸை காயிலின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு காயிலிலும் வந்தது. அப்புறம் கெயின். சப்வூஃபர் வயரைக் கழற்றி, பூஸ்ட்டை அணைத்து, போனிலிருந்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்பின் அவுட்புட்டில் மீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்தேன். 250 வாட், 2 ஓம்: இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 22 வோல்ட் சொச்சம். மீட்டர் 22 காட்டியதும் நிறுத்தினேன். குமிழ் பாதிகூடத் திரும்பவில்லை.

பேஸ் வந்தது. ஆனால் தாளத்துக்குத் தாளம் ஆம்பின் சின்ன விளக்கு மங்கியது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை ஆம்பின் எர்த்திலும் வைத்தேன். பாட்டு அடிக்கும்போது 1.9 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. ஸ்பேர் வீல் பக்கத்தில் பெயிண்டின் மேலேயே ஸ்க்ரூ அடித்திருந்தார்கள். நம் ஊர் மூடுபனிக்கு அந்த இடம் செம்மண் நிறத்தில் துரு பிடித்திருந்தது. உப்புத்தாளால் தகரம் பளபளக்கத் தேய்த்து, நல்ல செம்பு வயரின் முனையில் லக் (உலோக வளையம்) அடித்து, போல்ட் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். 1.9 போய் 0.1 ஆனது. செலவு நூறு ரூபாய்க்குள்.

சப்வூஃபர் உட்கார்ந்திருக்கிற பெட்டியும் இந்த ஈரத்தில் சும்மா இல்லை. மரத்தூளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஒரு மூலையில் பிஸ்கட் போல ஊதியிருந்தது. சீல்டு பெட்டி என்றால் காற்று கசியக்கூடாது. கோனை மெதுவாக அழுத்தி விட்டால் சோம்பேறியாகத் திரும்பி வர வேண்டும், என்னுடையது டக்கென்று வந்தது. சிலிகான் பூசிச் சரிசெய்தேன். முடிந்தால் மரைன் பிளைவுட்டில் செய்துகொள்ளுங்கள். சப்வூஃபரின் முகத்தை டிக்கிக் கதவைப் பார்த்துத் திருப்பியதும் என் சீட்டில் பேஸ் இன்னும் கூடியது. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமே எட்டரை மீட்டர், காரைப் போல இரண்டு மடங்கு. அதனால் எங்கே கூடும், எங்கே குறையும் என்பதைத் திருப்பித் திருப்பி வைத்துக் கேட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பின் நம்பர் பிளேட் வேறு ஈ மாதிரி ரீங்காரம் போட்டது. அதற்கு ஸ்பாஞ்ச் டேப்.

அக்கா மகன் அசரவில்லை. “எல்லாம் சரி மாமா. மலையில காத்து லேசு. மேட்டுப்பாளையத்துல கேக்கிற மாதிரி இங்க கேக்காது” என்றான். கணக்குப்படி அவன் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் குன்னூர் உயரத்துக்கு இரண்டு டெசிபல்கூடத் தேறாது. போன வாரம் செம்புக் கம்பி வாங்கக் கீழே இறங்கியபோது அவனையும் கூட்டிப் போனேன். திரும்புகையில் கல்லாறு தாண்டும்வரை பாட்டை அணைத்தே வைத்தேன். யானை நடமாடும் ரோடு. பர்லியாருக்கு மேலே போட்டேன். நன்றாகத்தான் அடித்தது. காட்டேரி என்கிற இடத்தை நெருங்கும்போது பேஸ் மெலிந்துகொண்டே போனது.

“பாத்தீங்களா?” என்றான்.

எனக்கே ஒரு நிமிடம் திக்கென்றது. எர்த் மறுபடி போச்சா? அப்புறம்தான் உறைத்தது, காது அடைத்திருக்கிறது. உள்ளே வெளியே காற்றழுத்தம் மாறினால் செவிப்பறை விறைத்துக்கொள்ளும். அப்போது முதலில் குறைவது கனத்த சத்தம்தான்.

“கொட்டாவி விடுடா” என்றேன்.

இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம். காதுக்குள் ‘பட்’டென்று ஒரு சத்தம். அவன் கை தானாக வால்யூமைக் குறைக்கப் போனது.