எலும்பு முறியவில்லை

கார் விபத்து நடந்தபோது என் மகளுக்கு ஆறு வயது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு எங்கேயும் முறியவில்லை என்றார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அழைத்து வந்தோம். காலில் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று வழியிலேயே சொன்னாள். பயத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அப்போதே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். விடியற்காலையில் என்னை எழுப்பினாள்: "அம்மா, என் காலைக் காணோம்." போர்வையை விலக்கினேன். பாதத்தைக் கிள்ளினேன். அவளுக்குத் தெரியவில்லை.

மார்புப் பகுதியின் நான்காவது முள்ளெலும்பு மட்டத்தில் தண்டுவடம் நசுங்கியிருந்தது எம்.ஆர்.ஐ.யில்தான் தெரிந்தது. சிறு பிள்ளைகளின் முதுகெலும்பை இணைக்கும் நார்கள் இளக்கமானவை. அதிர்ச்சியில் எலும்பு விலகிப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். உள்ளே இருக்கும் தண்டுவடம் அந்த இழுப்பைத் தாங்காது. 1982-இல் பாங், வில்பர்ஜர் என்ற இரு மருத்துவர்கள் எக்ஸ்ரேயில் தெரியாத இந்தத் தண்டுவடக் காயத்துக்கு 'சைவோரா' என்று பெயரிட்டார்கள். மரத்துப்போவதும் வலுக்குறைவதும் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துக்கூட வரலாம். விபத்துக்குப் பின் பிள்ளை ஒரே ஒரு முறை "மரத்துப்போகிறது" என்றாலும், எக்ஸ்ரேயை நம்பி வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

நடப்பாளா என்பதையே எல்லோரும் கேட்டார்கள். எங்கள் நாட்களை ஆண்டதோ சிறுநீர்ப்பைதான். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கதீட்டர் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தேங்கினால் சிறுநீரகம் கெடும். வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் சிறுநீர்ப்பை எத்தனை மில்லி கொள்ளும் என்று தோராயமாகத் தெரியும் என்றார் செவிலியர். ஆறு வயதுக்கு 240. முதல் வாரம் என் கை நடுங்கியது. "வலிக்காது அம்மா, எனக்குத்தான் தெரியாதே" என்று அவள் எனக்குத் தைரியம் சொன்னாள். அதைக் கேட்டு அழாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது: தலைவலி, முகம் சிவந்து வியர்க்கிறது, படுக்க வைத்திருக்கிறோம். காய்ச்சல் என்று நினைத்துவிட்டார்கள். ஆறாவது மார்பு முள்ளெலும்புக்கோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்தாலே ரத்த அழுத்தம் விர்ரென்று ஏறும். படுக்க வைக்கவே கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடனே சிறுநீரை வெளியேற்ற வேண்டும். பிள்ளைகளின் வழக்கமான ரத்த அழுத்தமே குறைவு என்பதால், பெரியவர்களுக்குச் சாதாரணமாகத் தோன்றும் எண்கூட அவர்களுக்கு ஆபத்தாக இருக்கலாம். இதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதிச் சக்கர நாற்காலியின் பின்னால் ஒட்டினேன்.

வளரும் வயதில் அடிபட்ட பிள்ளைகளுக்கு முதுகு வளைவது கிட்டத்தட்ட நிச்சயம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். படம் எடுத்து எடுத்துக் கண்காணிக்கிறோம்.

எட்டு வயதில், கதீட்டரைத் தானே செலுத்திக்கொள்வதாகக் கேட்டாள். முதலில் சிறு கண்ணாடி வைத்துப் பழகினாள். பிறகு விரலால் தடவியே இடம் கண்டுபிடித்தாள். சுத்தமாகக் கை கழுவியதும் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் நோட்டுப் புத்தகத்தோடு வெளியே நிற்பேன். உள்ளேயிருந்து "இருநூற்று எண்பது" என்று குரல் வரும்; எழுதிக்கொள்வேன்.

போன மாதம் அந்த நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.