கோர்டினாவைத் தேடி நூனனுக்கு

வின்சென்ட் வான்காவின் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தை ஆம்ஸ்டர்டாமில் பார்த்து வந்த நாளிலிருந்து, அந்த விளக்கடியில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்ற கேள்வி என்னை விடவில்லை. 1885-இல் நெதர்லாந்தின் நூனன் கிராமத்தில் வரைந்தது. வெள்ளைத் துணித்தொப்பி போட்ட இளம்பெண் கோர்டினா தெ குரோட். குடியானவர் வீட்டுப் பெண்.

கிளம்பும் முன்பே பதிவேடுகளில் தேடத் தொடங்கிவிட்டேன். நெதர்லாந்தின் பெரும்பகுதியில் 1811 முதல், நெப்போலியன் காலத்திலிருந்தே, பிறப்பு இறப்புப் பதிவு உண்டு. பிறப்பேடு 100 ஆண்டு கழித்தும் இறப்பேடு 50 ஆண்டு கழித்தும் எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். இறப்பிலிருந்து தொடங்குவதுதான் சுலபம். அதில் இறந்தவரின் பெற்றோர் பெயரும் இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைமுறை மேலே ஏறலாம்.

‘நூனன்’ என்று மட்டும் தேடி ஒரு மாலை முழுக்க வீணானது. 1821-லேயே மூன்று ஊர்களைச் சேர்த்துவிட்டதால், ‘நூனன், கெர்வன், நெடர்வெட்டன்’ என்ற நீண்ட பெயரில்தான் ஏடுகள் இருக்கின்றன. அடுத்த சிக்கல், ஒரே பெயரில் பல பேர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கேயும் வழக்கம். பேரன் என்றாலே பெயரன்தானே! பெற்றோர் இருவர் பெயரும் ஒத்துப்போனால் மட்டுமே நம்ப வேண்டும்.

1885-இல் கோர்டினா கருவுற்றிருந்தார், மணமாகவில்லை. ஊரார் வின்சென்ட்மேல் பழிபோட்டார்கள். கத்தோலிக்கப் பாதிரியார், அவர் வரைவதற்காகப் போய் உட்காராதீர்கள் என்று மக்களைத் தடுத்தார். வின்சென்ட் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அதை மறுத்தார்; காரணமானவன் பாதிரியாரின் சபையைச் சேர்ந்தவனே என்றும் எழுதினார். நான் அவரை நம்புகிறேன். மணமாகாத தாயின் குழந்தைக்கு, யாரும் ஏற்றுக்கொள்ளாவிட்டால், பதிவில் தகப்பன் பெயர் வராது. ஊர் அத்தனை பேசியது, ஏட்டில் ஒரு வரி இல்லை.

ஐந்தோவனிலிருந்து பேருந்து பிடித்து நூனனில் இறங்கினேன். அந்த ஓவியத்தை அங்கே வெண்கலச் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். மழை விட்டிருந்தது, கோர்டினாவின் கையில் ஈரம் வழிந்துகொண்டிருந்தது. 1855-இல் பிறந்து 1927-இல் இறந்தவர். வின்சென்ட் 37 வயதில் போய்ச் சேர்ந்த பிறகு, இன்னொரு 37 ஆண்டு வாழ்ந்திருக்கிறார். அந்த ஆண்டுகளில் யார் அவரிடம் என்ன கேட்டிருப்பார்கள், அவர் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தபடி அடுத்த பேருந்து வரும்வரை அங்கேயே நின்றேன்.