தண்ணீர்க் கிண்ணம்

ஜூலை 4
இதய நோயுள்ள எங்கள் நாய் ஜிம்மிக்குத் தூக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 26. முப்பதைத் தாண்டவில்லை.

ஜூலை 5
24. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இரவெல்லாம் தவளைச் சத்தம், எண்ணிக்கை தப்பிப்போகிறது. விலாவில் கை வைத்துத்தான் எண்ணுகிறேன்.

ஜூலை 7
அதிகாலை 3.10. 41. கனவாக இருக்கும் என்று பொறுத்துப் பார்த்தேன். மறுபடியும் 44. படுக்க மாட்டேன் என்கிறான். முன்னங்கால்களை அகட்டி, கழுத்தை நீட்டி உட்கார்ந்தே இருக்கிறான். டாக்டரைப் போனில் எழுப்பினேன். நீர் இறக்கும் லாசிக்ஸ் மாத்திரையில் கூடுதலாக அரை கொடுத்துவிட்டு உடனே கிளம்பச் சொன்னார். ஒரத்தநாடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை ஜிம்மியின் ஈறுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 8
ஊசிக்குப் பிறகு 30. வீட்டுக்கு வந்துவிட்டோம்.

கிண்ணத்தை இரண்டு நாளாகத் திண்ணையில் தூக்கி வைத்திருந்தது நான்தான். "நீர் கோத்த உடம்புக்கு எதற்குடா தண்ணீர்?" என்று அம்மா கேட்டது நியாயமாகத்தான் பட்டது. டாக்டரிடம் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. மாத்திரை சிறுநீர் வழியாக நீரை இறக்குகிறது. இவன் குடிக்காவிட்டால் சிறுநீரகம் கெடும். உடம்பில் நீரைப் பிடித்து வைப்பது உப்பு. அப்படியானால் சனிக்கிழமை கொல்லையில் கிடந்த கருவாட்டுத் தலை? அம்மாவிடம் கேட்க வாய் வரவில்லை. அவள்தான் அவனுக்கு உப்பில்லாத சோறு குழைக்கிறாள். இரண்டு நாள் தாகத்தோடு அவன் அந்தத் திண்ணையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். எனக்குப் புரியவில்லை.

ஜூலை 9
கிண்ணம் பழைய இடத்தில். மூன்று முறை நிரப்பினேன்.

ஜூலை 11
25. இதய மாத்திரை காலை ஆறு, மாலை ஆறு. வெறும் வயிற்றில், சோற்றுக்கு ஒரு மணி நேரம் முன்பு. ஆறரை ஆனால் எனக்குக் கை நடுங்குகிறது.

ஜூலை 14
வயிறு பெருத்தமாதிரி இருக்கிறது. அம்மா பூக்கட்டும் வாழைநாரைச் சுற்றிப் பிடித்து முடிச்சுப் போட்டேன். முதுகெலும்பு மட்டும் கைக்குத் தட்டுகிறது.

ஜூலை 16
நார் இரண்டு விரல் எட்டவில்லை.

ஜூலை 17
வயிற்றில் ஊசி வைத்து 600 மில்லி நீர் எடுத்தார்கள். வைக்கோல் நிறம், லேசாகச் சிவப்பு. அதோடு புரதமும் போய்விடுமாம், மூச்சு முட்டினால் மட்டுமே எடுக்க வேண்டும். பொட்டாசியம் பார்க்க ரத்தமும் எடுத்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் என் மடியில் பக்கவாட்டில் படுத்துத் தூங்கினான். எத்தனை நாளாயிற்று!

இரவு 22.

ஜூலை 18
அம்மாவே சொன்னாள், கருவாடு அவள் போட்டதுதான். அழுதாள். ஒரே ஒரு தலை, அம்மா.

ஜூலை 20
27. புது நார், புது முடிச்சு.

ஜூலை 21
கிண்ணத்துக்குத் தானாக எழுந்து போனான்.